மறுபடியும் அதே கண்

"போன மாசம்தான் சரியாச்சு டாக்டர். இப்ப மறுபடியும் அதே கண்ணு." விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பூனை வளர்ப்பவர்களுக்குப் பழகிப்போன புலம்பல் இது. ஒரு கண் பாதி மூடியிருக்கும். பீளை காய்ந்து இமைகளை ஒட்டவைத்திருக்கும். கூடவே தும்மல். மருந்து விட்டால் தெளியும். சில வாரங்களில் திரும்பிவிடும்.

பெரும்பாலும் இது பூனை ஹெர்பெஸ் வைரஸின் வேலை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், குட்டிப் பருவத்திலேயே தாயிடமிருந்து தொற்றிவிடும். கண் தெளிந்த பிறகும் அது உடலை விட்டுப் போவதில்லை. முகத்து நரம்பு முடிச்சில் பதுங்கிக்கொள்கிறது. தொற்றிய பூனைகளில் சுமார் 80 சதவீதம் ஆயுள் முழுக்க அதைச் சுமக்கின்றன. சிறு வயதில் வந்த அம்மை நரம்பில் ஒளிந்திருந்து வயதான பிறகு அக்கியாகக் கிளம்புகிறதே, அதற்குக் காரணமான வைரஸும் இதே குடும்பம்தான். பூனையுடையது மனிதருக்கு ஒட்டாது.

அதை உசுப்பிவிடுவது பூனையின் மன உளைச்சல். வீடு மாற்றுவது, புதுப் பூனை வருவது, குட்டி ஈன்று பால் கொடுப்பது, ஏதாவது ஒன்று போதும். உளைச்சல் ஏற்பட்டு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் வைரஸ் வெளிப்படுகிறது. அதனால் இரண்டையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை.

பெரிய ஆபத்து வீட்டு அலமாரியில் இருக்கிறது. மனிதருக்கு எழுதிக்கொடுத்து மிச்சமான ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால் சிவப்பு வடியும், வைரஸ் பெருகும். மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயத்தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார். கிளை கிளையாகப் பச்சையில் ஒளிரும் புண் தெரிந்தால் ஹெர்பெஸ்தான். கவனிக்காமல் விட்டால் புண் ஆழமாகி, ஊரில் சொல்வதுபோல, பூ விழுந்துவிடும். பெர்சியன் பூனைகளுக்குக் கருவிழியில் கறுப்புத் திட்டு படிந்து அறுவை சிகிச்சை வரை போவதுண்டு.

மனிதரின் அக்கிக்குத் தரும் ஃபாம்சிக்ளோவிர் மாத்திரை பூனைக்கும் கேட்கிறது. அதே அக்கிக்குத் தரும் வாலாசிக்ளோவிரோ பூனையின் உயிருக்கே உலை வைத்துவிடும். கடைக்காரர் மாற்றித் தந்தால் வாங்கக் கூடாது. இதற்கென்று விற்கும் லைசின் பவுடரால் பலனில்லை என்று 2015-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. விற்பனை மட்டும் நடக்கிறது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை தவணை தவணையாகப் போடும் தடுப்பூசி தொற்றை முழுக்கத் தடுக்காது. நோயின் கடுமையைக் குறைக்கும். ஈரத்தில்கூட இந்த வைரஸ் ஒரு நாளைத் தாண்டாது என்பதால், நோயுற்ற பூனையின் தட்டையும் துணியையும் தனியே கழுவினாலே வீட்டின் மற்றப் பூனைகளுக்குப் பரவுவது பெருமளவு குறையும்.

உள்ளூர் மருத்துவர் மேல்சிகிச்சைக்கு அனுப்பினால், விழுப்புரம், திண்டிவனம் இரண்டுக்கும் பக்கம் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. இல்லையென்றால் 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி. கூடையில் பூனைக்குப் பழகிய துணியை விரித்து, மேலே மூடி எடுத்துப் போவது நல்லது. போய்வந்த ஏழெட்டு நாளில் மறு கண்ணும் கலங்கினால், ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம். பேருந்துப் பயணமே காரணமாக இருக்கலாம்.