உங்களுக்குத் தெரியுமா? நொடிக்கு 716 சுற்று!

லட்சக்கணக்கான முதிய விண்மீன்கள் நெருக்கியடித்துக் கிடப்பவை கோள விண்மீன் கொத்துகள். அந்த நெரிசலில் நியூட்ரான் விண்மீனுக்கு ஒரு துணை எளிதில் அமைந்துவிடும். துணையிடமிருந்து விழும் வாயு அதை மேலும் மேலும் வேகமாகச் சுழற்ற, ஒவ்வொரு சுற்றுக்கும் ரேடியோ துடிப்பு அனுப்பும் மில்லிநொடிப் பல்சார் உருவாகிறது. ரேடியோ பல்சார்களில் மிக வேகமானது டெர்சான் 5 கொத்தில் உள்ளது. நொடிக்கு 716 முறை சுழல்கிறது. அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி 2004இல் பதிவு செய்தது.

அதைவிட வியப்பானது 47 டுக்கானே கொத்தின் பல்சார்கள் காட்டிக்கொடுத்தது. அயனி வாயுவைக் கடக்கும் பல்சார் துடிப்பில், குறைந்த அதிர்வெண் அலை சற்றுத் தாமதமாக வந்துசேரும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி அளந்தபோது, கொத்தின் பின்புறமுள்ள பல்சார்களில் அந்தத் தாமதம் கூடுதலாக இருந்தது. கொத்துக்குள்ளேயே அயனி வாயு இருப்பது 2001இல் இப்படித்தான் தெரியவந்தது.