ஜனாதிபதி அபேட்சகரும் நாட்டின் ஐந்தொகையும்

நமது சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், 'சந்தாவைப் பாதியாகக் குறைப்பேன், பங்குலாபத்தை இரட்டிப்பேன்' என்று ஒருவர் எழுந்து கூறினால், 'பணம் எங்கிருந்து வரும்?' என்று அங்கத்தவர்கள் உடனே கேட்பர். ஜனாதிபதித் தேர்தலில் மட்டும் அக்கேள்வி ஏனோ கூட்டத்தின் கைதட்டலில் அடிபட்டுப் போகிறது.

இலங்கையில் 2019 நவம்பர்த் தேர்தலின் பின் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. தேர்தல் வாக்குறுதிப்படி, பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் விற்பனை செய்தோரிடம் அறவிடப்பட்ட அவ்வரி, 30 கோடிக்கு மேற்பட்டோருக்கே உரியதாயிற்று. மக்கள் மகிழ்ந்தனர், மகிழாதிருப்பார் யார்? ஆயினும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 12 வீதமாக இருந்த அரசிறை, 2021இல் ஏறத்தாழ 8 வீதமாகச் சுருங்கியது. பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ளவே, வெளிநாட்டுச் சந்தையில் கடன் பெறும் வழி அடைபட்டது. செலாவணிக் கையிருப்புக் கரைந்தது.

வரிக் கொள்கையும் வெளிநாட்டுக் கொள்கையும் இரு வேறு பொருள்கள் அல்ல என்பது அப்போதுதான் பலருக்கும் புலப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இயற்கை வேளாண்மை என்பது சொல்லப்பட்ட காரணம். டாலர்த் தட்டுப்பாடும் அதன் பின்னே நின்றது என்பதை எந்தக் கமக்காரனும் அறிவான். நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய ஆண்டிலும் சுமார் 70 வீதம் உயர்ந்திருந்தது. இறக்குமதி நூலையும் சாயத்தையும் நம்பிய தறிகாரர் பட்ட பாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனவே ஓர் அபேட்சகரிடம் கேட்கத்தக்கவை இவை: குறைப்பதாகச் சொல்லும் வரிக்கு ஈடு எது? சீனா, இந்தியா, ஜப்பான் ஆகிய கடன்கொடுத்தோருடன் எவ்வாறு பேசுவார்? சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் செய்யப்பட்ட சுமார் 300 கோடி டாலர் உடன்படிக்கையை ஏற்பாரா, மாற்றுவாரா? மாற்றுவதாயின் எவ்வளவு மாற்ற இயலும்? 2024இல் வென்ற தரப்பு, மாதம் 2 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி விலக்கு அளிப்பதாகக் கூறியிருந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததோ 1 இலட்சத்து 50 ஆயிரம். முன்னிருந்த எல்லை 1 இலட்சமே ஆதலால் இதனைச் சிறிதென்று கூறேன். ஆனால் கடன்கொடுத்தோரின் மேசையில் ஒரு வாக்குறுதி எவ்வளவு தேய்கிறது என்பதை இது காட்டும். மேலும், அரச நிதி பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அங்கே பெரும்பான்மை இல்லாத ஜனாதிபதியின் வரித்திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடக் கூடும்.

வாக்களிக்கும் முறையையும் அங்கத்தவர்கள் அறிந்திருத்தல் நன்று. முதல் விருப்புடன் இரண்டாம், மூன்றாம் விருப்புகளையும் இலக்கமிட்டுக் காட்டலாம். எவருக்கும் பாதிக்கு மேல் கிடையாதபோது முதலிருவர் தவிர்ந்தோர் நீக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பு, எஞ்சிய இருவருக்குச் சேர்க்கப்படும். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலிலேயே இது முதன்முதலாக நேர்ந்தது. அனுர குமார திசாநாயக்கவுக்கு 42 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 33 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஏனையோர் பெற்ற சுமார் 33 இலட்சம் வாக்குகளில் இவ்விருவருக்கும் விருப்பாகச் சேர்ந்தவை 3 இலட்சத்துக்கும் குறைவே. எஞ்சியோரில் மிகப் பலர் இரண்டாம் இலக்கத்தை இடவேயில்லை.