ஒரு பெட்டிக்கு ரெண்டு ஆம்ப்ளிஃபயர்

ஸ்பீக்கருக்குப் பின்னால் நாலு டெர்மினல் இருந்தால் போதும், ரெண்டு ஆம்ப்ளிஃபயரை மாட்டிவிட்டு “பை-ஆம்ப் பண்ணிட்டேன்” என்று சொல்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது பாதிக் கிணறு. பெட்டிக்குள் இருக்கிற கிராஸ்ஓவர் அப்படியேதானே கிடக்கிறது?

கடம்பூர், கோவில்பட்டிப் பக்கம் கோயில் கொடைக்கு வருகிற பெரிய மைக் செட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பேஸ் பெட்டிக்குத் தனி ஆம்ப், அதற்கு மேல் ஏற்றிய டாப்புக்குத் தனி ஆம்ப். ரெண்டுக்கும் முன்னால், மிக்சரிலிருந்து வரும் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கிற ஒல்லியான பெட்டி ஒன்று. அதுதான் ஆக்டிவ் கிராஸ்ஓவர். விஷயமே அந்த ‘முன்னால்’தான்.

வீட்டு ஸ்பீக்கரில் பெரும்பாலும் இது தலைகீழ். ஆம்ப் முழுச் சத்தத்தையும் பெருக்கி அனுப்பும்; அப்புறம்தான் காயிலும் கண்டன்சரும் பிரிக்கும். 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்க, எளிய கணக்குப்படி ட்வீட்டருக்கு 8 மைக்ரோஃபாரட் கண்டன்சர், வூஃபருக்கு அரை மில்லிஹென்றி காயில். ஆனால் இந்தக் கணக்கு ஸ்பீக்கர் எப்போதும் 8 ஓம்தான் என்று நம்புகிறது. நிஜத்தில் வூஃபர் தன் ஒத்ததிர்வுக்குப் பக்கத்தில் 30 ஓமைக்கூடத் தாண்டும், மேல் ஸ்தாயியில் மறுபடி ஏறும், சூடானால் இன்னும் மாறும். ஆம்புக்கு முன்னாலேயே பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை ஃபில்டரைத் தொடாது.

பவர் கணக்கு இன்னும் சுவாரசியம். தவிலுக்கு 10 வோல்ட் உச்சம், ஜால்ராவுக்கு 10 வோல்ட் உச்சம் என்று வைப்போம். ஒரே ஆம்பில் ரெண்டும் ஒரே கணத்தில் சேர்ந்தால் 20 வோல்ட். 8 ஓமில் அதற்கு 25 வாட் ஆம்ப் வேண்டும். முன்னாலேயே பிரித்தால் ஆளுக்கு 6¼ வாட் போதும். பேஸ் ஆம்ப் கிளிப் ஆனாலும் அந்தக் கரகரப்பு ட்வீட்டருக்குப் போகாது. நாலு டெர்மினல் வித்தையில் இந்த லாபம் கிடையாது. ஒவ்வொரு ஆம்பும் அதே 20 வோல்ட்டைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

இதற்கான ஃபில்டர் வடிவத்தில் இன்றும் அதிகம் புழங்குவது, ஹியூலெட்-பேக்கர்டில் வேலை பார்த்த லிங்க்விட்ஸ், ரைலி இருவர் பெயரில் உள்ளது. லிங்க்விட்ஸின் கட்டுரை 1976இல் வந்தது. அதற்காக இதை என்னமோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். நம்மூர் அசெம்பிள் ஹோம் தியேட்டரில் சப்-வூஃபர் ஆம்புக்கு முன்னால் ஒரு 4558 ஐசி போர்டு இருக்குமே, அதுவும் ஆக்டிவ் ஃபில்டர்தான்.

கம்பெனி ஸ்பீக்கரைப் பிரித்து மேய்வதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே இருக்கிற கிராஸ்ஓவர் சத்தத்தைப் பிரிப்பதோடு நிற்பதில்லை. ட்வீட்டரின் அளவையும் பெட்டியின் குறைகளையும் சேர்த்துச் சரிக்கட்டும். மைக் வைத்து அளந்து பார்க்க வசதி இல்லாவிட்டால் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

சொந்தமாகப் பெட்டி அடிப்பவர்கள், ட்வீட்டரை ஆம்பில் நேரடியாகக் கொடுக்காமல் தொடரில் ஒரு 33 மைக்ரோஃபாரட் நான்-போலார் கண்டன்சர் போடுங்கள். அது சுமார் 600 ஹெர்ட்ஸில்தான் வெட்டும், பாட்டைப் பெரிதாகப் பாதிக்காது. ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் ‘தப்’பும், ஐசி போய் டிசி வந்தால் அதுவும் ட்வீட்டரைச் சாகடிக்காது.