சொல்லும் அறிவும்

அறிவை மயக்கும் போலி உருவங்கள் நான்கு என்று 1620-இல் எழுதினார் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன். அவற்றுள் பெருந்தொல்லை தருவது சந்தைப் பேச்சில் பிறக்கும் சொல்லே. பொருளைப் பிழைபட வரையறுத்து அறிஞரையும் வீண்வாதத்தில் இழுத்துவிடும் என்பது அவர் கருத்து.

நமக்கோ அறிவியலைப் பேசச் சொற்களே போதவில்லை. 1916-இல் சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராஜாஜி, இக்குறை தீர்க்கத் தமிழ் அறிவியற்சொற் சங்கத்தைத் தோற்றுவித்தார். இரசாயனம், பௌதிகம், தாவரவியல் முதலிய துறைகளுக்கு அச்சங்கம் எளிய தமிழ்ச் சொற்களை ஆக்கியது.

சொல்லாக்கம் எளிதன்று. ‘ஆக்சிஜன்’ என்பதற்கு ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்பதே பொருள். எல்லா அமிலத்திலும் அவ்வாயு உண்டெனக் கருதி லவாய்சியே இட்ட பெயர் அது. அக்கருத்துப் பின்னர்ப் பிழையென்று தெளிந்தது; பெயரோ நிலைத்துவிட்டது. சந்தை மட்டுமன்று, ஆய்வுக்கூடமும் போலிச் சொற்களைப் பெறும் போலும்! மூலச்சொல்லின் பொருளையே பெயர்த்திருந்தால் அப்பிழை நமக்கும் வந்திருக்கும். ‘பிராணவாயு’ என்றழைத்தோர் அதற்குத் தப்பினர்.