கையில் பிறந்து நீரில் கரையும் பிள்ளையார்

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே செல்வோர், கேளம்பாக்கத்தை எட்டுவதற்குச் சற்று முன்னர் படூரைக் கடப்பர். கல்லூரியும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துவிட்ட ஊர் இது. ஆயினும் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயும், முட்டுக்காட்டு உப்பங்கழியும், அதற்கு அப்பால் கோவளத்துக் கடலும் இன்றும் இந்த ஊருக்கு அண்டை வீட்டாராகவே இருக்கின்றன.

ஆவணி மாத வளர்பிறைச் சதுர்த்தியில் இல்லந்தோறும் விநாயகர் எழுந்தருளுகிறார். கொழுக்கட்டையும் அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் சார்த்தி வழிபட்டு, புனர்பூஜை முடித்து, அவரை நீரில் விடுகிறோம். வண்ணம் பூசிய பெரிய பொம்மையாக அவர் இருந்துவிட்டால், மறுநாள் கரையில் காணும் காட்சி பக்தர் மனத்தை வருத்தும். கை உடைந்து, துதிக்கை முறிந்து, மணலில் சாய்ந்து கிடக்கிறது நேற்றுவரை நாம் கைகூப்பிய திருமேனி. "சாமி ஏன் இங்கே கிடக்கிறார்?" என்று ஒரு குழந்தை கேட்டால் பெற்றோர் என்ன விடை சொல்ல இயலும்?

ஏன் கரைவதில்லை?

அத்தகைய சிலைகளில் பல பிளாஸ்டர் ஆப் பாரிஸால் ஆனவை. ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சூடாக்கிப் பெறும் மாவு அது. தண்ணீர் சேர்ந்ததும் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிடும். பின்னர் நீரில் இட்டாலும் எளிதில் கரையாது. மேலே பூசும் செயற்கை வண்ணங்களில் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் கலந்திருப்பதும் உண்டு. மீனும் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் தொட்டில் உப்பங்கழி. அங்கே நஞ்சு சேர்ந்தால், அதை நம்பி வலை வீசும் குடும்பங்களையும் அது தாக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-ஆம் ஆண்டில் சிலை கரைப்புக்கான நெறிமுறைகளை வகுத்தது. 2020-இல் அவற்றைத் திருத்தி, பிளாஸ்டர் ஆப் பாரிஸும் தெர்மாகோலும் பிளாஸ்டிக்கும் இல்லாத களிமண் சிலைகளையே வலியுறுத்தியது. விதிமுறை கரையில் நின்று தடுக்கலாம். குழந்தையின் உள்ளத்தில் நின்று காப்பதோ, அதன் கை கற்ற பாடமேயாகும்.

முதல் பாடம் மஞ்சளில்

அந்தப் பாடம் நமக்குப் புதியதன்று. எந்தப் பூஜையின் தொடக்கத்திலும் பாட்டி ஒரு பிடி மஞ்சளை நீர்விட்டுப் பிசைந்து, கூம்பாகப் பிடித்து, உச்சியில் அருகம்புல் செருகுவார். அவ்வளவில் அது பிள்ளையார். மூன்று வயதுக் குழந்தையும் செய்யக்கூடிய கைவேலை இது. இதில் மிச்சமென்று எறிவதற்கு எதுவுமில்லை. பூஜை முடிந்ததும் செடியின் அடியிலோ நீரிலோ சேர்த்துவிடலாம்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் களிமண்ணைக் கொடுக்கலாம். குயவரிடம் வாங்கிய மண்ணில் கல்லும் வேரும் நீக்கி, நன்கு பிசைந்து, ஈரத்துணியால் மூடி ஓர் இரவு வைக்க வேண்டும். வயிற்றுக்கு ஒரு பெரிய உருண்டை, தலைக்குச் சிறியது, துதிக்கைக்கும் கைகால்களுக்கும் திரிகள். இணைக்கும் இடங்களைக் குச்சியால் கீறி, களிமண் குழம்பு தடவி ஒட்டாவிட்டால், காயும்போது கை தனியே விழுந்துவிடும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்; நிழலில்தான் உலர்த்த வேண்டும். சூளையில் சுடலாகாது, சுட்ட மண் மீண்டும் கரையாது. வண்ணத்துக்கு மஞ்சளும் சந்தனமும் செம்மண்ணும் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கண்களுக்குக் குன்றிமணி பதிப்பது வழக்கம். அந்த விதை கடும் நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்குப் பதில் மிளகைப் பதிக்கலாம். எருக்கம்பாலும் கண்ணில் படலாகாது. அம்மாலையைப் பெரியவர்களே கட்டுவது நலம்.

பனை தரும் குடை

பிள்ளையாருக்குக் குடை வேண்டுமே! பளபளக்கும் பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாகப் பனையோலையை வெட்டி மடித்து, ஈர்க்கில் கோத்தால் அழகிய குடை ஆகிவிடும். படூரிலிருந்து அதே சாலையில் தெற்கே சென்றால் திருப்போரூர். அங்கே அருள்பாலிக்கும் கந்தசுவாமியின் சுயம்புத் திருமேனியைச் சிதம்பர சுவாமிகள் பனைமரத்தடியில் கண்டெடுத்தார் என்கிறது தலவரலாறு. ஓலையை மடித்துக்கொண்டே இக்கதையைக் கேட்கும் குழந்தைக்குப் பனை வெறும் மரமாகத் தோன்றாது.

இக்கலைகளை நேரில் காண விரும்புவோருக்கு, உப்பங்கழியின் மறுபுறம் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. சென்னைக் கைவினை அறக்கட்டளை உருவாக்கிய இந்த அருங்காட்சியகம் 1996-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளுக்கிடையே, சுழலும் சக்கரத்தில் மண் கலயமாக எழுவதைப் பிள்ளைகள் கண்முன்னே காணலாம்.

கைவேலை எல்லாமே இயற்கைக்கு உகந்ததென்று சொல்லிவிட முடியாது. தெர்மாகோலும் மினுமினுப்புத் தூளும் பிளாஸ்டிக் பூக்களும் கொண்டு செய்தவை ஒரு வாரத்தில் குப்பையாகின்றன. செய்யத் தொடங்கும் முன் குழந்தையிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இது எங்கிருந்து வந்தது? முடிந்தபின் எங்கே போகும்?"

விடைகொடுக்கும் வேளை

இதன் விடை கிடைப்பது கரைக்கும் நாளில். புனர்பூஜை முடித்து, மாலையையும் குடையையும் தனியே எடுத்துவிட்டு, வாளி நீரில் பிள்ளையாரை மெல்ல இறக்கும்போது, தானே செய்த உருவத்தை விட மனமின்றிக் குழந்தை அழக்கூடும். அழட்டும். வாங்கிய பொம்மைக்காக வராத கண்ணீர் அது. ஆவாஹனம் செய்து அழைத்த இறைவனை வழியனுப்பி, மண்ணை மண்ணிடமே ஒப்படைப்பதுதான் விசர்ஜனம் என்று அப்போது எடுத்துச் சொல்லலாம். விளிம்புகள் நெகிழ்ந்து, துதிக்கை கரைந்து, மெல்ல மெல்ல உருவம் அருவமாவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்க்கட்டும்.

கரைந்த மண்ணை வீட்டுச் செம்பருத்தியின் வேரில் ஊற்றச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு சதுர்த்தியன்று அச்செடியில் பூத்த மலரை அதே குழந்தை பறித்துவந்து, தான் புதிதாகப் பிடித்த பிள்ளையாரின் திருவடியில் வைக்கும். கரையில் கிடக்கும் சிலையைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இராது.