தலை வலிக்கவில்லை என்றார் அம்மா

சித்திரை பிறந்துவிட்டால் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “டாக்டர், நான் கயிலாயம் போகலாமா?” கேட்பவர் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர். கையில் டிரெட்மில் பரிசோதனை அறிக்கை இருக்கும். அந்த அறிக்கை இதயத்தின் இரத்த ஓட்டத்தைப் பற்றி ஓரளவு சொல்லும். மலைநோய் வருமா வராதா என்பதை அது சொல்லாது. நாள்தோறும் ஓடிப் பழகிய இளைஞரையும் அந்நோய் விடுவதில்லை.

கயிலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர். தார்ச்சனில் புறப்பட்டு மூன்று நாள்களில் முடிப்பது வழக்கம். தூரம் பெரிதன்று. இரண்டாம் நாள் கடக்கவேண்டிய டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது என்பதே செய்தி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. மூச்சொன்றுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வாறே குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வெடுப்பதும் மருத்துவ நெறி. 1,400 மீட்டர் உயரத்திலுள்ள காத்மாண்டிலிருந்து புறப்பட்டு, ஹெலிகாப்டரில் ஹில்சா எல்லையில் இறங்குபவரோ ஓரிரு நாள்களில் 3,600 மீட்டரைத் தாண்டிவிடுகிறார். திபெத்தியர் பலர் இதே வலத்தை ஒரே நாளில் முடிப்பதைக் கண்டு நாமும் விரைய வேண்டியதில்லை. அவர்களுடைய உடல் பல தலைமுறைகளாக அந்த உயரத்துக்கு இசைந்தது.

இவ்வளவும் அறிந்த நான் சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அழைத்துச் சென்றேன். மானசரோவர்க் கரையில் முதல் இரவு அவர் உணவைத் தொடவில்லை. “பசியில்லை” என்றார். தார்ச்சனில் உறங்கவில்லை. “தலை வலிக்கிறதா?” என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்றே சொன்னார். நோயாளி ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அம்மா சொன்னதால் நம்பினேன். மறைக்காமல் சொல்வதானால், அந்தக் கணவாயைக் காணும் ஆசை எனக்கும் இருந்தது.

திராபுக்கில் தங்கிய மறுநாள் விடியற்காலையில், ஒரு குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். மூன்றாம் அடியில் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம் அது. ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் நிலை அதன்று. ஆக்சிஜனும் டெக்ஸாமெத்தசோனும் கொடுத்தேன். குதிரையில் அமர்த்தி, இருபுறமும் ஆள் பிடித்துக்கொள்ள வந்தவழியே இறங்கினோம். பின்னர் வண்டியில் தக்லகோட் சென்றோம். மருந்து வழித்துணைதான், இறங்குவதே சிகிச்சை.

தெளிவு திரும்பியதும் அம்மா சினந்தார். கயிலை நோக்கி ஊர்ந்து சென்ற அப்பரை இறைவனே தடுத்துத் திருவையாற்றில் காட்சி தந்ததாகப் பெரியபுராணம் சொல்வதை நினைவூட்டினேன். “அப்பரைத் திருப்பியனுப்பியது ஈசன். நீ யார்?” என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்று காலை முதலிலிருந்தே தலை வலித்தது என்பதைச் சென்னை வந்தபின்தான் ஒப்புக்கொண்டார். சொன்னால் ஏறவிடமாட்டேன் என்று அஞ்சினாராம்.

ஆகவே இப்போது அந்தக் கேள்வியோடு வருபவரிடம், உடன் செல்பவரையும் அழைத்து வாருங்கள் என்கிறேன். செல்பவர் மறைப்பார், பார்க்கவேண்டியவர் துணைவரே. புது உயரத்தை அடைந்த முதல் நாளில் தலைவலியோடு உணவில் வெறுப்பு, குமட்டல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், அது வேறென்று தெளியும்வரை மலைநோயென்றே கொள்ளுங்கள். அன்று மேலே ஏறக்கூடாது. தள்ளாட்டம், பேச்சுக் குழப்பம், ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல், விடாத இருமல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், நள்ளிரவானாலும் இறங்குங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி குளிர்ந்த விரலில் தவறாகக் காட்டும். அதன் எண்ணைவிட ஆளின் நடையை நம்பலாம்.

அண்மையில் மாரடைப்பு வந்தவரும், நாள்பட்ட நுரையீரல் நோயால் மூச்சிரைப்பவரும், கருவுற்றவரும் இப்பயணத்தை விடுவதே நல்லது. இரத்த அழுத்த மாத்திரையை வழியில் நிறுத்தக்கூடாது. இன்சுலின் உறைந்தால் பயன்படாது. உள்ளாடையோடு ஒட்டி வைத்திருங்கள். அசிட்டசோலமைடு மாத்திரை பழகுதலுக்கு உதவும், ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவரும் சிறுநீரக நோயாளியும் கேட்காமல் உட்கொள்ளக்கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் அங்கு வேண்டாம்.

ஒருவர் திரும்ப நேர்ந்தால் அவருடன் யார் இறங்குவது என்பதைப் புறப்படுமுன் வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 5,000 மீட்டரில் அந்தப் பேச்சு நடவாது. என் தாயார் வீட்டுக்கு வரும் உறவினரிடம், கணவாயைக் காணவிடாமல் மகன் இறக்கிவிட்டான் என்று இன்றும் முறையிடுகிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.