கோயில் யாத்ரீகர்களுக்குத் தங்கும் அறை: விவசாயிகளுக்குத் துணை வருமானம்

காஞ்சிபுரத்துக்குக் கோயில் தரிசனத்துக்காகவும் பட்டுச் சேலை வாங்கவும் ஆண்டு முழுவதும் வெளியூர் மக்கள் வருகின்றனர். மாசியில் காமாட்சியம்மன் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் உத்திரம், வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை ஆகிய நாட்களில் கூட்டம் மிகுதி. முசரவாக்கம் போன்ற சுற்றுப்புற ஊர்களில் வீட்டில் காலியாக உள்ள ஓர் அறையைக் குடும்பத்துடன் வருவோருக்கு வாடகைக்கு விட்டு, சாகுபடியுடன் துணை வருமானம் பெறலாம். ஆனால் வந்தவர் மறுமுறையும் வரும்படி அறை இருக்க வேண்டும்; அதற்காகக் கடன் ஏறவும் கூடாது.

தண்ணீர், கழிப்பறை

கிராமத்தில் தங்க வருவோர் ஆடம்பரத்தை எதிர்பார்ப்பதில்லை. தடையில்லாத தண்ணீர், சுத்தமான கழிப்பறை, நல்ல உறக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் நால்வருக்கு 540 லிட்டர் தண்ணீர் தேவை. 1,000 லிட்டர் தொட்டிக்கு 2.5 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்கக் காய்ச்சி ஆறவைத்த நீரைத் தனியே தர வேண்டும். கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். முதியோருக்காகக் கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்துவது நல்லது. குளியல் நீரை வாழைக்குத் திருப்பிவிட்டால் சேறும் கொசுவும் குறையும்.

உறக்கமும் பாதுகாப்பும்

டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். எனவே தொட்டி, குடங்களை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடி வைக்க வேண்டும். ஜன்னலுக்கு வலை அடிக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் போனபின் விரிப்பு, தலையணை உறைகளைத் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். மாட்டுத் தொழுவத்துச் சாணத்தை விடியலிலேயே அப்புறப்படுத்த வேண்டும்.

நகரத்துக் குழந்தைகளுக்குக் கிணற்றடி பழக்கமில்லை. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் கம்பி வலையும் அவசியம். பூச்சிமருந்துகளைப் பூட்டி வைக்க வேண்டும். பாம்பு அண்டாதிருக்க வைக்கோல் போரும் கல் குவியலும் அறையை ஒட்டி இருக்கலாகாது. பாசனத்துக்கான இலவச மின் இணைப்பிலிருந்து அறைக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது.

வாடகையையும் சாப்பாட்டு விலையையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மற்ற விதிகளை ஊராட்சியிலும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும் முதலில் கேட்டறிய வேண்டும்.

வரவு செலவு

ஓர் அறையைச் சீர்செய்ய ரூ.60,000 ஆகிறது என்று கொள்வோம். ஆண்டில் 30 இரவு, இரவுக்கு ரூ.800 வீதம் வரவு ரூ.24,000. சலவை, மின்சாரம், பராமரிப்புக்கு இரவுக்கு ரூ.250 வீதம் ரூ.7,500 போக நிகர வருமானம் ரூ.16,500. கைப்பணம் போட்டிருந்தால் நான்கு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆண்டு வட்டியே ரூ.14,400; மிஞ்சுவது ரூ.2,100 மட்டுமே. அசல் அப்படியே நிற்கும்.

2019 ஜூலை, ஆகஸ்டில் அத்தி வரதர் தரிசனத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வந்தது. ஆனால் அது 40 ஆண்டுக்கு ஒருமுறை வருவது, அடுத்தது 2059-இல்தான். அத்தகைய கூட்டத்தை நம்பி நிலத்தை அடகு வைத்துப் புது அறைகள் கட்டுவது, ஓர் ஆண்டு பெய்த அடைமழையை நம்பி எல்லா ஆண்டும் மூன்று போகம் நடுவதற்கு ஒப்பாகும்.

எனவே முதலில் இருக்கும் ஓர் அறையைச் சுத்தமாக்கி விட்டு, அதில் வரும் வருமானத்தைக் கொண்டே ஆண்டுக்கு ஒரு வசதியாகக் கூட்டிக்கொண்டு போவது சாலச் சிறந்தது.